சத்தம் செத்துப்போற இடம்: போர்க்கால ஜெர்மன் ரேடியோ திசைகாணிகள் எப்படி வேலை செஞ்சுச்சு?

டெல்டா_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி இரண்டாம் உலகப் போர் பத்தி ஒரு டாக்குமென்டரி பார்த்தேன், அதுல ஜெர்மன்காரங்க வேன் ஒண்ணு தெருத்தெருவா போகுது, மேல ஒரு வளையம் சுத்துது, உள்ள ஹெட்போன் மாட்டின ஒருத்தர் கைய நீட்டி காட்டுறார், உடனே கதவ உடைச்சிட்டு உள்ள போயி ரகசிய ரேடியோ வெச்சிருந்த ஆள பிடிச்சுடுறாங்க. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ ரெண்டாம் வருஷம். ஆன்டெனா பாடத்துல லூப் ஆன்டெனான்னு அரைப் பக்கம் இருக்கு, எட்டு மாதிரி ஒரு படம் போட்டிருக்காங்க, அவ்வளவு தான். அந்த எட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே, அப்ப சிக்னல் கிழக்குலேர்ந்து வருதா மேற்குலேர்ந்து வருதான்னு எப்படி சொல்லுவாங்க? அதுவும் ஷார்ட்வேவ்ல, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஆள ஒரு வீட்டு வாசல் வரைக்கும் எப்படி தேடி வந்தாங்க? தெரிஞ்சவங்க விளக்கமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

வளையம்73

தம்பி, நல்ல கேள்வி. இதப் பத்தி எழுத எனக்கு ரொம்ப நாளா ஆசை, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல உங்க வீட்ல பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தா எடுங்க. மீடியம்வேவ்ல ஏதாவது ஸ்டேஷன் பிடிச்சு வெச்சுட்டு ரேடியோவ மெதுவா திருப்புங்க. எங்க சின்ன வயசுல இலங்கை வானொலி கேக்கறதுக்கு செட்ட ஜன்னல் ஓரமா வெச்சு அப்படி இப்படி திருப்பி ஒரு கோணத்துல நிறுத்துவோம், யாராவது கை பட்டு நகத்திட்டா வீட்ல சண்டை தான். உள்ள ஃபெரைட் கம்பி மேல சுத்தின காயில் இருக்கு, அது வளைய ஆன்டெனாவோட தம்பி மாதிரி. கம்பியோட நுனி ஸ்டேஷனப் பார்த்தா சத்தம் செத்துடும், கம்பியோட பக்கவாட்டு பார்த்தா நல்லா கேக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். நாம எல்லாரும் நல்லா கேக்கற இடத்த தேடினோம், திசைகாணி ஆபரேட்டர் தேடுறது சத்தம் செத்துப்போற இடத்த. ஏன்னா வளையம் வாங்கற சிக்னல் கோசைன் மாதிரி மாறுது. உச்சத்துலேர்ந்து 10 டிகிரி திருப்பினாலும் ஒண்ணரை சதவீதம் தான் குறையும், காதுக்கு சுத்தமா தெரியாது. ஆனா மௌனப் புள்ளிக்கு பக்கத்துல 1 டிகிரி தள்ளினாலே ஒண்ணுமே இல்லாத இடத்துல கீச்சுன்னு சத்தம் வந்துடும். அதனால மோர்ஸ் சத்தம் தேஞ்சு தேஞ்சு மறைஞ்சு திரும்ப வர்ற வரைக்கும் வளையத்த முன்னும் பின்னும் ஆட்டி, ரெண்டு பக்கமும் ஒரே அளவு கேக்கற கோணங்கள குறிச்சு, அதுக்கு நடுவ எடுத்துக்குவாங்க. கையும் காதும் பழகணும். அந்த வேலைய செஞ்சவங்களுக்கு அது தையல்காரர் கை மாதிரி ஆயிடும்.

சத்தம் ஏன் சாகுது? வளையத்துல ரெண்டு செங்குத்து பக்கம் இருக்கில்ல, அலை நேரா முகத்துல அடிச்சா ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல தொடுது, ரெண்டுலயும் சம வோல்டேஜ், ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். விளிம்பு வழியா வந்தா ஒரு பக்கத்த முதல்ல தொட்டுட்டு அப்புறம் தான் அடுத்தத தொடும், அந்த சின்ன வித்தியாசம் தான் நமக்கு கிடைக்கிற சிக்னல். 50 மீட்டர் அலை, 1 மீட்டர் வளையம்னா வித்தியாசம் ஒரு முழுச் சுத்துல ஐம்பதுல ஒரு பங்கு, அதாவது 7 டிகிரி ஃபேஸ் தான். இவ்வளவு சின்ன விஷயத்த வெச்சு திசை சொல்றதுக்கு ரிசீவர் எவ்வளவு நல்லதா இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

கிழக்கா மேற்கான்னு கேட்டீங்க. அதுக்கு பக்கத்துல ஒரு சாதாரண செங்குத்து கம்பிய நட்டு வெப்பாங்க, அது எல்லா திசையிலயும் சமமா வாங்கும். அந்த சிக்னல வளையத்தோட சிக்னல் கூட அளவு பார்த்து கலந்தா எட்டோட ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் அழிஞ்சு இதயம் மாதிரி ஒரு வடிவம் வரும். ஒரு சுவிட்ச் தட்டி கம்பிய சேர்த்தா சத்தம் ஏறுதா இறங்குதான்னு பார்த்து எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிடலாம். ஆனா அந்த இதயத்தோட மௌனப் புள்ளி அவ்வளவு கூர்மையா இருக்காது, அதனால பக்கம் தெரிஞ்சதும் கம்பிய கழட்டிட்டு திரும்ப எட்டுக்கே வந்து அளப்பாங்க.

டெல்டா_பையன்

ஆஹா, இப்ப தான் புரியுது சார். இந்த விளக்கம் புத்தகத்துல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா எங்க தாத்தா சொல்லுவார், ராத்திரி ஆனா ரேடியோவ எப்படி திருப்பினாலும் ஸ்டேஷன் ஏறி ஏறி இறங்கும்னு. அப்ப இந்த மௌனப் புள்ளி என்ன ஆகும்?

வால்வுப்பெட்டி

அத தான் இரவு விளைவுன்னு சொல்லுவாங்க தம்பி, திசைகாணிக்காரங்களோட முதல் எதிரி. ராத்திரியில அலை மேல போயி அயனி மண்டலத்துல பட்டு திரும்பி வருது, வரும்போது செங்குத்தா இருந்த மின்புலம் முறுக்கிக்கிட்டு படுத்த மாதிரியும் வருது. அது வளையத்தோட மேல் கம்பியிலயும் கீழ் கம்பியிலயும் வோல்டேஜ் தூண்டிடும். செங்குத்து பக்கம் ரெண்டும் அடிச்சுக்கிட்டு பூஜ்யம் ஆன நேரத்துல கூட இந்த படுத்த கம்பி ரெண்டும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். மௌனப் புள்ளி அழிஞ்சுடும், இல்லன்னா வேற எங்கயோ பொய்யா நிக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் நகரும்.

இதுக்கு மருந்து ஜெர்மனியிலேர்ந்து வரல, பிரிட்டன்ல ஃபிராங்க் அட்காக்னு ஒருத்தர் 1919-லயே காப்புரிமை வாங்கிட்டார். வளையத்தோட மேல் கம்பியும் கீழ் கம்பியும் தானே தொல்லை, அதையே எடுத்துடுவோம்னார். நாலு செங்குத்து ஆன்டெனாவ சதுரமா நட்டு, எதிரெதிரா இருக்கற ரெண்டு ரெண்டா இணைக்கறது. இணைக்கிற ஒயர் மண்ணுக்குள்ள புதைஞ்சு போகும், இல்லன்னா நடு உயரத்துல ரெண்டா ஒட்டி போகும், ரெண்டுலயும் தூண்டப்படறது ஒண்ண ஒண்ணு தின்னுடும். ஜெர்மன்காரங்க நிலையான திசைகாணி நிலையங்கள்ல இந்த அட்காக் வகைய தான் பெரும்பாலும் வெச்சிருந்தாங்க. அத திருப்ப முடியாது, வயல் நடுவுல நட்டது, அதனால உள்ள கோனியோமீட்டர் தேவைப்படும்.

கோனியோமீட்டர் எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை. இத்தாலிக்காரங்க பெல்லினி, டோசி ரெண்டு பேரும் 1907 வாக்குல கொண்டு வந்தது. வெளிய ரெண்டு ஆன்டெனா ஜோடி, ஒண்ணு வடக்கு தெற்கு, இன்னொண்ணு கிழக்கு மேற்கு. ஒவ்வொண்ணும் ஒரு சின்ன காயிலுக்கு வருது, அந்த ரெண்டு காயிலும் ஒண்ணுக்கொண்ணு செங்கோணத்துல ஒரு டப்பாக்குள்ள இருக்கு. வெளிய வயல்ல என்ன திசையில அலை வந்துச்சோ அதே திசையில ஒரு குட்டி காந்தப்புலம் டப்பாக்குள்ள உருவாகும். நடுவுல ஒரு தேடு காயில கைப்பிடியால சுத்தி மௌனம் எங்கன்னு பார்த்தா வெளிய இருக்கற மாஸ்ட் எதையும் தொடாமலே திசை கிடைச்சுடும். மொத்த வானத்தையும் உள்ளங்கையில பிடிச்ச மாதிரி.

வரலாறு_வாசகி

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், தொழில்நுட்பம் எனக்கு நீங்கள் சொல்லுற அளவுக்கு விளங்காது, ஆனா இதால பிடிபட்ட ஆக்களைப் பற்றி கன காலமா வாசிச்சுக் கொண்டிருக்கிறன், அதால ஒரு விஷயம் சொல்லத்தான் வேணும். படத்தில காட்டுற மாதிரி ஐஞ்சு நிமிசத்தில கண்டுபிடிச்சது எண்டு நினைக்காதேங்கோ. சோவியத் ஆக்களின்ர உளவு வலைப்பின்னல் ஒண்டு இருந்தது, ஜெர்மன்காரர் அதுக்கு ரோட்டே கபெல்லே எண்டு பேர் வைச்சவை, சிவப்பு இசைக்குழு எண்டு அர்த்தம். 1941 ஜூன் 26 விடியப்புறம், அதாவது ஹிட்லர் சோவியத் மேல படையெடுத்து நாலே நாளில, கிழக்குப் பிரஷ்யாவில கிரான்ஸ் எண்ட இடத்தில இருந்த கேட்கும் நிலையம் ஒரு தெரியாத சிக்னலைப் பிடிச்சது. பிடிஎக்ஸ் எண்ட அழைப்புக்குறி. நோர்வே பக்கத்துச் சின்ன விசயம் எண்டு முதலில நினைச்சு, பிறகு தான் இது ஒவ்வொரு இரவும் வருது எண்டு விளங்கினது.

தூரத்துத் திசைகாணிகள் பெல்ஜியம் பக்கம் எண்டு காட்டினாலும், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில ஒரு தெருவுக்கு வந்து சேர டிசம்பர் ஆயிட்டுது. எத்தர்பேக் பகுதியில ரூ தே அத்ரெபாத் தெரு, 101-ம் இலக்க வீடு. அப்வேர் எண்ட ஜெர்மன் இராணுவ உளவுத்துறையின்ர அதிகாரி ஹாரி பீப்பே தன்ர ஆக்களோட டிசம்பர் 13 விடியப்புறம் ரெண்டு மணி போல உள்ள போனார். பூட்ஸுக்கு மேல சொக்ஸ் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினவை எண்டு சொல்லுவினம். ஆறு மாதம் எடுத்தது, ஐஞ்சு நிமிசம் இல்லை. அந்த வீட்டில இருந்த சோஃபி பொஸ்னான்ஸ்கா எண்ட பெண் சங்கேதம் எழுதுறவா. பிடிபட்ட பிறகு ஒண்டும் சொல்லாமல் இருக்க வேணும் எண்டு 1942 செப்டம்பரில சிறையிலேயே தன்ர உயிரை முடிச்சுக்கொண்டா. வேன் மேல சுத்தின வளையத்தைப் பற்றிக் கதைக்கேக்க அவாவையும் நினைக்க வேணும் எண்டு எனக்குத் தோணுது.

வளையம்73

அக்கா சொன்னது ரொம்ப சரி. அந்த ஆறு மாசம் ஏன் ஆச்சுங்கறதுக்கு கணக்கு இருக்கு, அத சொன்னா தம்பியோட ரெண்டாவது கேள்விக்கும் பதில் வந்துடும்.

திசைகாணி ஒண்ணுல 1 டிகிரி தப்பு வந்தா 500 கிலோமீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தப்பு. ஷார்ட்வேவ் வானத்துலேர்ந்து குதிச்சு வரும்போது ஒரு டிகிரியெல்லாம் கிடைக்காது, பல டிகிரி போகும். ரெண்டு மூணு நிலையத்தோட கோடுகள மேப்புல வரைஞ்சா ஒரு புள்ளியில வெட்டாது, ஒரு முக்கோணமோ நீள்வட்டமோ வரும், அதுக்குள்ள ஒரு முழு மாவட்டம் அடங்கிடும். பிரஸ்ஸல்ஸா ஆன்ட்வெர்ப்பான்னே சந்தேகம் வர்ற அளவு.

அடுத்த படி தான் இன்னும் சிக்கல். அந்த ஊருக்கு வேன கொண்டு போனா உடனே கேக்கும்னு நினைக்கறோம். ஷார்ட்வேவ்ல தரையோட ஒட்டி போற அலை ஒரு சின்ன செட்டுலேர்ந்து சில பத்து கிலோமீட்டருக்குள்ள செத்துடும், வானத்துல குதிச்சு போறது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தான் இறங்கும். நடுவுல ஒரு செவிட்டு வளையம். பெர்லின்ல நல்லா கேக்கற சிக்னல் அடுத்த ஊர்ல நிக்கற வேனுக்கு கேக்காது. அதனால வேன் அந்த தரை அலை வட்டத்துக்குள்ள அதிர்ஷ்டவசமா வந்து விழணும், அதுவும் ஆள் அனுப்பிக்கிட்டு இருக்கற நேரத்துல. ஆள் நிறுத்திட்டா எல்லாமே நின்னுடும், அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கணும்.

இங்க தான் அந்த பிரஸ்ஸல்ஸ் ஆட்களோட விதி முடிஞ்சது. மாஸ்கோ அவங்க கிட்ட அவ்வளவு தகவல் கேட்டுச்சு, ராத்திரி ராத்திரி மணிக்கணக்குல ஒரே வீட்டுலேர்ந்து அனுப்பினாங்க. ஒரு சின்ன கணக்கு போடுங்க. சங்கேதச் செய்திய அஞ்சஞ்சு எழுத்தா பிரிச்ச கூட்டம் 100, நிமிஷத்துக்கு 12 கூட்டம் வேகம்னா எட்டு நிமிஷத்துக்கு மேல, அதோட கூப்பிடறது, சரியா வந்துச்சான்னு கேக்கறது, திரும்ப அனுப்பறது எல்லாம் சேர்த்தா கால் மணி நேரம் சுலபமா போயிடும். இந்த ஒரு செய்திக்கே இப்படின்னா, மணிக்கணக்குல அனுப்பினா வேனுக்கு எத்தனை வாய்ப்பு.

நாகர்கோவில்_ஹாம்

வேன் கிட்டே வந்த பெறகு என்ன நடக்கும்னு நான் சொல்லுதேன், நாங்க கிளப்புல நரி வேட்டைன்னு ஒளிச்சு வெச்ச டிரான்ஸ்மிட்டர தேடி போற விளையாட்டு விளையாடுவோம்லா, அந்த அனுபவம் இருக்கு. தூரத்துல இருக்கும்போது வளையம் சுகமா வேலை செய்யும், ஆனா தெருவுக்குள்ள நுழைஞ்சா கரண்டு கம்பி, தண்ணி பைப்பு, இரும்பு வேலி எல்லாமே அந்த சிக்னல வாங்கி திருப்பி கொட்டும், ஒரு தெருவுக்குள்ள பத்து டிரான்ஸ்மிட்டர் இருக்கறது போல தோணும். அங்க வளையத்தோட திசைய விட்டுட்டு பலத்த தான் பாக்கணும், நடக்க நடக்க கூடுதா குறையுதா.

ஜெர்மன்காரங்களும் இத தான் செஞ்சிருக்காங்க. வேன் போனா தெரு பூரா தெரிஞ்சு போகும், மேல வளையம் இருக்கே. அதனால கடைசி சில நூறு மீட்டருக்கு நடந்து போனாங்க. சாதாரண உடுப்பு, மேல ஓவர்கோட்டு, உள்ள நெஞ்ச சுத்தி தட்டையா ஒரு வளையம், இடுப்புல பெல்ட் மாதிரி கட்டின ரிசீவர், காதுல சின்ன இயர்போன், சிக்னல் பலம் பாக்க மணிக்கட்டுல கைக்கடிகாரம் போல ஒரு மீட்டர். மணி பாக்குற மாதிரி பாத்துகிட்டே நடக்கலாம். இதுக்கு கூர்த்தெல்பைலர்னு பேரு, இடுப்புப்பட்டை திசைகாணின்னு வெச்சுக்கங்க. உடம்பையே திருப்பினா வளையமும் திரும்பும். பாத்தாலே நெஞ்சு பதறுது, பக்கத்துல நடந்து போற மனுசன் எதுக்கு மணி பாக்கான்னே தெரியாது.

இன்னொரு வேலையும் செஞ்சாங்க, ஒரு கட்டடமா கட்டடமா மெயின் கரண்ட நிறுத்திப் பாப்பாங்க. எந்த கட்டடத்த நிறுத்தினதும் மோர்ஸ் நின்னு போகுதோ அங்க தான் செட்டு. அதுக்காகவே பிரிட்டிஷ்காரங்க ஆட்கள பேட்டரியில ஓட்ட சொன்னாங்க, கரண்டு போனாலும் நிக்காம இருக்கணும்லா.

வரலாறு_வாசகி

நாகர்கோவில் அண்ணை சொன்ன மாதிரித்தான் லியோனுக்குக் கிட்ட பிரையன் ஸ்டோன்ஹவுஸ் பிடிபட்டவர். அவர் ஓவியர், எஸ்ஓஈ எண்ட பிரிட்டிஷ் இரகசிய அமைப்பு அனுப்பின வயர்லெஸ் ஒப்பரேட்டர். 1942 ஒக்டோபர் 24, ஒரு பெரிய மாளிகையில இருந்து அனுப்பிக் கொண்டிருக்கேக்க திசைகாணி ஆக்கள் வந்திட்டினம். அப்ப அந்தப் பகுதி இன்னும் ஜெர்மன் கையில இல்லை, விஷி எண்ட பிரெஞ்சு அரசாங்கத்தின்ர இடம், எண்டாலும் ஜெர்மன்காரர் பிரெஞ்சு இலக்கத் தகடு போட்ட வாகனங்களில உள்ளுக்கு வந்தவை. அவர் நாலைஞ்சு வதைமுகாம் கடந்து உயிரோட திரும்பி வந்து பிறகும் ஓவியம் வரைஞ்சவர்.

ஹேக் நகரத்தில நடந்தது தான் பெரிய கொடுமை. 1942 மார்ச் 6, ஹூப் லௌவெர்ஸ் எண்ட டச்சு ஒப்பரேட்டரை திசைகாணி வைச்சுப் பிடிச்சு, அவரின்ர செட்டையும் கோடையும் வைச்சு லண்டனோட அவரையே கதைக்க வைச்சவை. அவர் தான் பிடிபடேல்ல எண்டு லண்டனுக்குக் காட்டுற பாதுகாப்பு அடையாளத்தை வேணுமெண்டே விட்டுவிட்டு அனுப்பினார், லண்டன் கவனிக்கேல்ல. அதால 50-க்கும் மேற்பட்ட ஆக்கள் பரசூட்டில நேரா ஜெர்மன்காரரின்ர கையில இறங்கினவை, அதில கன பேர் மௌட்ஹவுசன் வதைமுகாமில கொல்லப்பட்டவை. 1944 ஏப்ரல் 1-ம் தேதி அப்வேர் அதிகாரி கீஸ்கஸ் வெளிப்படையாவே லண்டனுக்கு ஒரு செய்தி அனுப்பி முடிச்சு வைச்சார். ஒரு பெட்டி பிடிபட்டால் ஒரு மனிசன் மட்டும் இல்லை எண்டதுக்கு இதை விட வேற உதாரணம் வேண்டாம்.

டெல்டா_பையன்

அக்கா, நூர் இனாயத் கானும் இப்படி தானே பிடிபட்டாங்க? இந்திய வம்சாவளி, பாரிஸ்ல ஒப்பரேட்டரா இருந்தாங்கன்னு படிச்சிருக்கேன்.

வரலாறு_வாசகி

இல்லை தம்பி, அது வேற. நூர் 1943 ஒக்டோபரில காட்டிக் கொடுக்கப்பட்டுத்தான் பிடிபட்டவா, திசைகாணியால இல்லை. உண்மையில திசைகாணியிட்ட இருந்து தப்ப இடத்துக்கு இடம் மாறிக் கொண்டே அனுப்பினவா, பெட்டியைத் தூக்கிக் கொண்டு. 1944 செப்டம்பர் 13 டாஹாவ் வதைமுகாமில சுட்டுக் கொன்றவை. கன பேர் பிடிபட்டது காட்டிக்கொடுப்பால தான், எல்லாத்தையும் வேன் தலையில கட்ட ஏலாது.

வால்வுப்பெட்டி

எல்லாரும் ஆட்கள் பத்தி எழுதிட்டீங்க, நான் பெட்டி பத்தி கொஞ்சம் எழுதுறேன், ஏன்னா அந்தப் பெட்டிகள தொட்டுப் பார்த்த பாக்கியம் எனக்கு கிடைச்சது. வேலை விஷயமா ஜெர்மனியில சில வருஷம் இருந்தேன், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரத்துல வருஷா வருஷம் நடக்கற ஹாம் ரேடியோ சந்தையில பழைய போர்க்கால கருவிகள் விப்பாங்க. அங்க ஒரு வயசானவர் கடையில ஈசட் 6 ஒண்ணு திறந்து வெச்சிருந்தார். டெலிஃபுங்கன் செஞ்ச விமான திசைகாணி ரிசீவர், 150 லேர்ந்து 1200 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மூணு பேண்ட்.

மேல் மூடிய கழட்டினா கம்பி சடையெல்லாம் கிடையாது, மக்னீசியம் கலப்பு வார்ப்புல அறை அறையா பிரிச்சு, ஒவ்வொரு அறையும் தனி டியூன் கட்டம், ஸ்குரூ கழட்டினா ஒரு கட்டம் முழுசா கையோட வரும். உள்ள இருக்கற வால்வு எல்லாமே ஒரே ரகம், ஆர்வி12பி2000. 12னா ஹீட்டர் வோல்ட், பினா பென்டோட், அதாவது அஞ்சு மின்முனை வால்வு. ஆர்எஃப், மிக்ஸர், ஐஎஃப், ஆடியோ, எல்லா வேலைக்கும் ஒரே வால்வு. வார்முனையில ஒருத்தன் பையில ஒரே வகை வால்வு இருந்தா போதும். அந்த வால்வு சாக்கெட்டுல தலைகீழா குத்தி நிக்குது, கண்ணாடி உள்ள போயிடும், வெளிய தெரியறது ஒரு சின்ன குமிழ், அந்த குமிழ்ல ஒரு திருகு மாட்டி இழுத்தா சொத்துன்னு வெளிய வரும். அவர் எனக்கு ஒண்ண உருவி காட்டினார், கட்டை விரல் அளவு கூட இல்ல. எண்பது வருஷமா அந்த சாக்கெட்டு ஸ்பிரிங் தளரவே இல்ல. அந்த கலப்பு உலோகம் தான் சில பெட்டிகள்ல பொரி பொரியா உதிர ஆரம்பிச்சிருக்கு, பாக்க கஷ்டமா இருந்துச்சு.

இந்த ஈசட் 6 மாட்டின கருவிக்கு பைல் ஜி 6 னு பேரு. விமானத்துக்கு வெளிய பெரிய வளையம் வெச்சா காத்து இழுக்கும், அதனால இரும்புக் கரு வெச்ச தட்டையான வளையத்த உடம்புக்குள்ளயே பதிச்சாங்க. பைலட்டுக்கு ஹெட்போன ஆட்டி கேக்க நேரம் ஏது, அதனால வளையத்த உதவிக் கம்பியோட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி மாத்தி சேர்த்து ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு முள்ள ஓட்டுவாங்க. முள்ளு இடது போனா இடது திரும்பு, நடுவுல நின்னா நேரா பீக்கன், அதாவது வழிகாட்ட சிக்னல் அனுப்பற நிலையம், அது மேல போயிடுவ. ஸ்கிரீன்ல பார்க்கற மேப் எதுவும் இல்லாம ராத்திரியில வீட்டுக்கு வர்றதுக்கு இது தான் வழி.

இதுக்குள்ள ஒரு ஓட்டை இருந்துச்சு, பிரிட்டிஷ்காரங்க 1940-ல அத கண்டுபிடிச்சாங்க. ஜெர்மன் பீக்கன் சிக்னல அப்படியே வாங்கி இங்கிலாந்துல வேற இடத்துலேர்ந்து திருப்பி பரப்பினாங்க, அதுக்கு மீக்கன்னு பேரு. திசைகாணி கேக்கற சத்தம் உண்மையான சத்தம் தான், வர்ற இடம் தான் பொய். 1941 ஜூலையில ஒரு ஜேயு 88 குண்டுவீச்சு விமானம் பிரான்ஸ்னு நினைச்சுக்கிட்டு பிரிஸ்டல் பக்கத்துல லுல்ஸ்கேட் பாட்டம் ஓடுதளத்துல இறங்கிடுச்சு. திசைகாணி திசைய தான் சொல்லும், யார் பேசுறாங்கன்னு சொல்லாது.

வளையம்73

வால்வுப்பெட்டி அண்ணே, நீங்க அந்தப் பெட்டிய தொட்டிருக்கீங்கன்னு படிச்சதும் எனக்கு பொறாமையே வந்துடுச்சு. விமானம் முடிச்சாச்சு, கடைசியா கடற்படை பக்கம் ஒண்ணு சொல்லணும், எனக்கு அது தான் எல்லாத்தையும் விட பெரிய வேலை.

ஒரு சின்ன வளையமோ நாலு கம்பி அட்காக்கோ நிக்கற இடத்துல அலை கொஞ்சம் கோணலா வந்தா அந்தக் கோணலையே திசைன்னு நம்பிடும். பக்கத்து மரம், கட்டடம், ரெண்டு வழியா வர்ற சிக்னல், எல்லாமே ஏமாத்தும். பெரிய அகலத்துல ஒரே நேரத்துல பிடிச்சா இந்தக் கோணல்கள் சராசரியா ஆயிடும். இத கடற்படை ஆராய்ச்சிப் பிரிவுல ஹான்ஸ் ரிண்ட்ஃபிளெய்ஷ் தலைமையில செஞ்சாங்க. டென்மார்க்ல ஸ்கிப்ஸ்பிங்கற இடத்துல 120 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துல 40 செங்குத்து ஆன்டெனா நட்டாங்க, அதுக்கு உள்பக்கம் மரச்சட்டத்துல எதிரொலிப்பு கம்பிகள். பேரு வூலன்வேவர், 16-ம் நூற்றாண்டுல லூபெக் நகரத்து மேயரா இருந்த யூர்கன் வூலன்வேவர் பேர ரகசியப் பேரா வெச்சாங்க.

வேலை செய்யற விதம் கேளுங்க. 40 ஆன்டெனாவுலேர்ந்தும் கேபிள் நடுவுல ஒரு அறைக்கு வருது. அங்க கோனியோமீட்டர் ஒண்ணு சுத்துது, எந்த நேரத்துலயும் அது வட்டத்துல ஒரு வில்ல, சுமார் மூணுல ஒரு பங்கு ஆன்டெனாக்கள மட்டும் தொடும். வட்டத்துல முன்னாடி நிக்கற ஆன்டெனாவ அலை முதல்ல தொடும், ஓரத்துல நிக்கறத பின்னாடி தொடும், அதனால முன்னாடி வந்தத தாமதப்படுத்தற லைன் வழியா விட்டு எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வெப்பாங்க. அப்ப அந்த வில்லு ஒரு நேர் கோட்டு ஆன்டெனா மாதிரி ஆயிடுது, அது பார்க்கற திசைய மெக்கானிக்கலா சுத்திக்கிட்டே போகலாம். வில்ல ரெண்டு பாதியா பிரிச்சு ஒண்ணுலேர்ந்து ஒண்ண கழிச்சா நடுவுல கூர்மையான மௌனம். பழைய வளையத்தோட அதே மௌனம் தான், ஆனா இப்ப ரெண்டு அலைநீளத்துக்கு மேல அகலமான ஒரு காதுலேர்ந்து.

போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க இத ஆராஞ்சாங்க, சோவியத் பக்கம் போன ஜெர்மன் இன்ஜினியர்கள வெச்சு அவங்க க்ரூக்ங்கற பேர்ல வட்டங்கள் கட்டினாங்க, 1957-ல ஸ்புட்னிக் போன வழிய அது வெச்சும் பார்த்தாங்க. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகம் இதே யோசனைய எடுத்து பெருசா கட்டுச்சு, யானைக் கூண்டுன்னு பேர் வாங்கின பெரிய வட்டங்கள் எல்லாம் இந்த டென்மார்க் வட்டத்தோட பேரப்பிள்ளைங்க.

எனக்கு மனசுல உறுத்தற ஒண்ணு இருக்கு. இவ்வளவு செஞ்ச அதே கடற்படை, ஒரு கப்பல்ல ஷார்ட்வேவ் திசைகாணி வைக்க முடியும்னு நம்பல. நிலத்துல 120 மீட்டர் வட்டம் தேவைப்படுது, கப்பல்ல அதுக்கு இடம் எங்கன்னு நினைச்சாங்க. அதனால நீர்மூழ்கிகள் சுருக்கமா கோடுல அனுப்பிட்டா யாருக்கும் திசை கிடைக்காதுன்னு நம்பி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. வணிகக் கப்பல்களுக்கு காவலா போற பிரிட்டிஷ் துணைக்கப்பல்கள்ல, ரேடார் விஞ்ஞானி வாட்சன்-வாட் யோசனையில ரெண்டு ரிசீவர், ஒரு கேத்தோடு ரே திரை. தேடு காயில சுத்தவே வேண்டாம், சிக்னல் வந்த நொடியே திரையில ஒரு கோடு சாஞ்சு நின்னு திசைய காட்டிடும். பக்கத்துல இருக்கற நீர்மூழ்கிக்கு துல்லியம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்தத் திசையில கப்பல திருப்பி ஓட்டினா போதும். சுருக்க செய்தி சில பத்து நொடி. அது போதுமானதா இருந்துச்சு. 1944-ல தான் அரை நொடிக்குள்ள அனுப்பற குரியர்ங்கற முறைய ஜெர்மன்காரங்க சோதிச்சாங்க, நேரம் கடந்துடுச்சு.

நாகர்கோவில்_ஹாம்

அண்ணே, சில பத்து நொடிக்கு ஒரு கப்பல் மொத்தமா போகும்னு நெனச்சா என்னமோ போல இருக்கு. ரெண்டு பக்கமும் உள்ள ஆட்கள் எல்லாரும் இருபது வயசு பிள்ளைகள்.

டெல்டா_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, தாத்தாவோட பழைய டிரான்சிஸ்டர எடுத்து ஒரு பலகையில ஒட்டி, அடியில பாகைமானி வரைஞ்ச பேப்பர வெச்சு, ஹெட்போன் மாட்டி பார்த்தேன். காலையில 9 மணிக்கு மீடியம்வேவ்ல திருச்சி ஸ்டேஷன் வெச்சு அஞ்சு தடவை ஆட்டி ஆட்டி நடுவ எடுத்தேன், மேப்புல அளந்ததுக்கும் எனக்கு வந்ததுக்கும் 3 டிகிரி தான் வித்தியாசம். மௌனம் ஒரு முடி மாதிரி மெல்லிசா இருந்துச்சு, கைய எடுத்தா போயிடுது.

ராத்திரி 10 மணிக்கு தூரத்து ஸ்டேஷன் ஒண்ணு வெச்சு திரும்ப பார்த்தேன். மௌனமே கிடைக்கல, 40 டிகிரிக்கு எங்க திருப்பினாலும் மொணமொணன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஒரு தடவை கிடைச்ச மாதிரி இருந்து பேப்பர்ல குறிக்கறதுக்குள்ள நகர்ந்துடுச்சு. வால்வுப்பெட்டி சார் சொன்ன படுத்த கம்பி இது தானே? அடுத்த வாரம் நாலு கம்பி வெச்சு சின்ன அட்காக் ஒண்ணு மாடியில கட்டலாம்னு இருக்கேன், நடு உயரத்துல ஒட்டி வர்ற ஒயர முறுக்கணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க.

வால்வுப்பெட்டி

அந்த மெல்லிசு முடிய ஒரு தடவை கேட்டுட்டா விடாது தம்பி. ஆமா, ராத்திரி கேட்டது அதே தான். முதல்ல ஒண்ணு, மீடியம்வேவுக்கு மாடி பத்தாது, அலைநீளமே நூத்துக்கணக்கான மீட்டர், கம்பிங்களுக்கு நடுவுல வித்தியாசமே வராது. ஷார்ட்வேவ்ல 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்க, கம்பிங்களுக்கு நடுவுல மூணு மீட்டராவது விடுங்க. ஒயர முறுக்குங்க, நடுவுல சரி பாதியில ரிசீவருக்கு எடுங்க, ரெண்டு பக்கமும் நீளம் ஒரு விரக்கடை கூட மாறக்கூடாது. மாடியில கம்பி வேலி இருந்தா அத விட்டு தள்ளி நடுங்க. அளந்தத இங்க போடுங்க, நான் பார்க்கறேன்.